மேற்கோள் குறிகளுக்குள் நான் எழுதியது

சென்ற மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு நிரோஜா என்னை ரெலிபோனில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்ற கல்லூரியில் என்னுடைய மேசையில் இப்போது இருப்பவள் அவள்தான்.

"அங்கிள், உங்கட பச்சைத் தாளை நிப்பாட்டிட்டினம். இனி எல்லாம் கொம்பியூட்டரில. பிள்ளையள் ஒரு கட்டத்துக்குள்ள சரி போட்டாக் காணுமாம்."

"வாசிச்சுக் காட்டுறேல்லையோ?"

"ஆருக்கு அங்கிள் நேரம்? நீங்கள் அதை என்னெண்டு செய்தனீங்கள் எண்டு எங்கட சங்கத்து ஆண்டு மலருக்கு ஒண்டு எழுதித் தாங்கோவன். கோயிலுக்குக் கல்லு வைச்ச திகதியை இன்னும் எத்தனை தரம்தான் எழுதப் போறியள்?"

அவள் சொன்னது நியாயம். இந்த மலரில் நான் இதுவரை எழுதியதெல்லாம் திகதிகள்தான். எங்கள் சனங்கள் மொன்றியலில் முதல் எந்தத் தெருவில் குடியிருந்தார்கள், எந்தக் கடையில் முதலில் கறிவேப்பிலை வந்தது, எந்த மண்டபத்தில் முதல் பொங்கல் நடந்தது என்பவை. ஒரு திகதி பிழைத்தாலும் வாசகர் ஒருவராவது கூப்பிட்டுத் திருத்துவார். அப்படித் திருத்துகிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

இந்தக் கட்டுரையில் திருத்தம் நான் செய்வது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் சொல்லாத வாக்கியத்தை அவர் சொன்னதாக நான் எழுதிவைத்தேன். அந்த வாக்கியத்தை நம்பி ஒரு விசாரணை முடிந்தது, ஒரு குடும்பம் ஊர் மாறியது. ஆண்டை எழுதாமல் விடுகிறேன். எழுதினால் அந்தப் பிள்ளை எந்த வகுப்பு என்று கணக்குப் பார்த்துவிடுவார்கள்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருகோணமலைக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தேன். கோப்புக்கு இலக்கம் போடவும் ஒரு கடிதத்தைப் பிழையில்லாமல் பிரதி எடுக்கவும் அங்கே பழகினேன். இங்கே வந்து நான்கு ஆண்டுகள் உணவகங்களில் கோப்பை கழுவினேன். மாலையில் பிரெஞ்சு படித்தேன். பிறகு, ஆங்கிலத்தில் தொழிற்கல்வி நடத்தும் ஒரு தனியார் கல்லூரியில் கோப்பு அடுக்கும் வேலை கிடைத்தது. வில்லரேயில் இருந்து மெட்ரோ ஏறிப் போவேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

என்னைக் கோப்பறையில் இருந்து மாணவர் பதிவு மேசைக்கு மாற்றியவர் மதாம் ஒடெட், கல்லூரியின் பதிவாளர். மெலிந்த உயரமான பெண். குளிர்காலத்தில் வாசலில் சப்பாத்தைக் கழற்றி, கைப்பையில் இருந்து கறுப்புத் துணிச் சப்பாத்தை எடுத்துப் போட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார். எத்தனை ஆண்டு பழகினாலும் பெயரைச் சொல்லாமல் என்னை 'மிசியே' என்றுதான் அழைத்தார். எந்தத் தாளை வாசித்தாலும் வரிக்குக் கீழே ஒரு மர அடிமட்டத்தை வைத்து, வரி வரியாக நகர்த்தி வாசிப்பார். பிழை கண்டால் அதைச் சொல்லமாட்டார். தாளை நம் பக்கம் திருப்பி, "வாசியுங்கள்" என்பார். நாமே உரத்து வாசித்து, நம்முடைய பிழையில் நாமே தடுக்கி விழவேண்டும்.

பச்சைத் தாளைக் கொண்டுவந்தவரும் அவர்தான். எல்லைக்கு அப்பால் அமெரிக்க மாநிலங்களில் இருந்து ஒரு சில மாணவர்கள் எங்களிடம் வந்தார்கள். இங்கே படித்த படிப்பு அவர்களுடைய மாநிலத்தில் தொழில் உரிமம் எடுக்க உதவுமா என்பதை முன்கூட்டியே எழுத்தில் சொல்லவேண்டும் என்று அவர் நினைத்தார். பிறகு கனடாவின் மற்ற மாகாணங்களில் இருந்து வருகிறவர்களுக்கும் அதையே செய்தார். உதவித் தாதி, பல் மருத்துவ உதவியாளர் போன்ற ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு தாள். இடப்பக்கம் மாகாணங்களின் பெயர்கள். வலப்பக்கம் மூன்று நிரல்கள்: பொருந்தும், பொருந்தாது, தீர்மானிக்கப்படவில்லை.

எங்கள் இயக்குநருக்கு மூன்றாவது நிரலில்தான் ஆசை. அதில் அடையாளம் போட்டால் பொய்யும் இல்லை, பிள்ளையும் பயந்து ஓடாது. மதாம் விடவில்லை. "கேட்டுப் பார்த்தீர்களா? கேட்காமல் தெரியாது என்று எழுதாதீர்கள்" என்றார். ஒவ்வொரு மாகாணத்தின் பதிவுச் சபைக்கும் கடிதம் எழுதினோம். பதில் வரும்வரை திங்கட்கிழமைதோறும் நினைவூட்டல் அனுப்பினோம். வந்த பதிலைத் தாளின் பின்பக்கத்தில் ஒட்டினோம்.

உதவித் தாதிப் படிப்புக்கு ஒன்ராறியோ சொன்ன பதிலை இங்கே விளக்கவேண்டும், கதை அதில்தான் இருக்கிறது. எங்கள் சான்றிதழை அவர்கள் நேரடியாக ஏற்கமாட்டார்கள். முதலில் எங்கள் மாகாணமான கியூபெக்கில் பதிவு பெறவேண்டும், அதைக் காட்டித்தான் ஒன்ராறியோவுக்கு மாறலாம். கியூபெக்கில் பதிவு பெற, பிரெஞ்சு தெரியும் என்று ஒரு பரீட்சையில் காட்டவேண்டும். எங்கள் வகுப்போ ஆங்கிலத்தில். ரொறன்ரோவில் இருந்து வருகிற பிள்ளை எங்களிடம் முதல் மாணவியாகச் சித்தியடைந்தாலும், பிரெஞ்சு இல்லாவிட்டால் இங்கேயும் நேர்ஸ் இல்லை, அங்கேயும் நேர்ஸ் இல்லை.

இதைப் பெற்றோருக்குத் தமிழில் சொல்வது என் வேலை. அவர்கள் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி: "கொலிச்சுக்கு அங்கீகாரம் இருக்கோ?" இருந்தது. அரசாங்கம் அங்கீகரித்த கல்லூரிதான். அந்த ஒரு சொல்லுக்குள் கல்லூரியின் அங்கீகாரத்தையும் தொழிலின் உரிமத்தையும் சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள். அதைப் பிரித்துக் காட்டவே எனக்குப் பத்து நிமிடம் போகும்.

தாளின் அடியில் ஒரு பெட்டி இருந்தது. நாங்கள் வாசித்து முடித்ததும், கேட்டவர் தனக்கு என்ன விளங்கியது என்று தன் சொல்லில் சொல்லவேண்டும். அதை அப்படியே மேற்கோள் குறிகளுக்குள் எழுதவேண்டும். தமிழில் சொன்னால் தமிழில், கீழே பிரெஞ்சில் பொருள். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையென்றால் பெற்றோரிடம் கேட்கவேண்டும். ஆரம்பத்தில் ஒருமுறை நான் 'விளங்கிக்கொண்டார்' என்று மட்டும் எழுதினேன். மதாம் அடிமட்டத்தை அந்த வரிக்குக் கீழே வைத்துத் தாளைத் திருப்பினார். வாசித்தேன். "இது உங்கள் சொல், மிசியே. அவருடைய சொல் எங்கே?"

நான் ரெலிபோனில் கதைப்பதை அவர் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்து பார்ப்பார். மொழி தெரியாது. ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டார்: "எல்லாரிடமும் ஓம், ஓம் என்கிறீர்களே, இதுவரை எத்தனை பெண்களைக் கலியாணம் செய்ய ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள்?"

நானும் சிரித்தேன். ஓம் என்றால் ஆம்தான், ஆனால் ரெலிபோனில் சொல்கிற ஓம் பெரும்பாலும் 'கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கள்' என்பதுதான் என்று விளக்கினேன்.

"எது எந்த ஓம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்களுக்குத் தெரியும், மதாம்."

அவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன்.

ஓகஸ்ட் மாதத்துக் கடைசி வெள்ளி. திங்கட்கிழமை வகுப்புத் தொடங்குகிறது. நான்கு மணிக்குள் எல்லாக் கோப்புகளையும் மூடவேண்டும். இயக்குநர் மத்தியானத்துக்குப் பிறகு மூன்று தரம் வந்து, எத்தனை மிச்சம் என்று கேட்டுவிட்டார். மிச்சம் ஒன்று. ரொறன்ரோ ஸ்காபரோவில் இருந்து வருகிற பதினேழு வயதுப் பிள்ளை, உதவித் தாதிப் படிப்பு. தகப்பன் இல்லை. பிள்ளை ஞாயிறு பஸ்ஸில் வருகிறாள். தாயிடம் தாளை வாசித்துக் காட்டவேண்டும். மூன்று பத்துக்குக் கூப்பிட்டேன்.

"சொல்லுங்கோ அண்ணை. நான் இப்ப மெஷினில இருக்கிறன், ஆனாக் கதைக்கலாம். ஒரு கைதான் கட்டிப்போட்டிருக்கு, வாய் சும்மாதான் கிடக்கு."

சிறுநீரகம் பழுதாகி, கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கிறவர். பின்னால் மெஷின் இடைக்கிடை கூவிக்கொண்டிருந்தது. நான் வாசிக்கத் தொடங்கினேன். வழக்கமான வேகத்தைவிடக் கூடிய வேகம் என்று எனக்கே தெரிந்தது. ஒன்ராறியோ வரி வந்தபோது மெஷின் நீளமாகக் கூவியது. யாரோ ஆங்கிலத்தில் அவரிடம் கையை அசைக்கவேண்டாம் என்றார்கள். நான் நிறுத்தவில்லை. வாசித்து முடித்துவிட்டேன்.

"அண்ணை, எனக்கு ஒண்டுதான் தெரியவேணும். படிச்சு முடிச்சிட்டு இஞ்சதானே வந்து வேலை செய்வா?"

பெட்டிக்குள் எழுதப் பேனையைத் தேடிக்கொண்டிருந்தேன். "ஓம்," என்றேன்.

"எனக்கு இவவை விட்டா ஆளில்லை. இப்பவே படியில ஏற ஏலாமக் கிடக்கு. ரெண்டு வருசம் பொறுப்பன், அதுக்கு மேல ஏலாது."

"ஓம், ஓம்."

"எங்கட றோட்டு முடிவில ஒரு வயோதிபர் இல்லம் இருக்கு. அங்க தமிழ் நேர்ஸ் தேடுகினம். அப்ப அங்க எடுப்பினம், என்ன?"

"ஓம்..."

"அப்ப சரி. அண்ணை ஓம் எண்டு சொன்னாப் பேந்தென்ன." மெஷின் மறுபடி கூவியது. இணைப்பு அறுந்தது.

முதல் ஓம் நான் யோசிக்காமல் சொன்னது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது ஓம் வாயை விட்டுப் போகும்போது, அவர் அதை என்னவாக எடுக்கிறார் என்று எனக்குத் தெரியும். இதை நான் இதற்குமுன் யாரிடமும் சொன்னதில்லை.

உடனே திருப்பிக் கூப்பிட்டேன். பதிவு செய்த குரல்தான் வந்தது. மூன்று இருபத்தைந்துக்கு இன்னொரு தரம். அதே குரல். இயக்குநர் கதவடியில் வந்து நின்றார். பெட்டி வெறுமையாக இருந்தது. நான் எழுதினேன்:

"ஒன்ராறியோவில் தொழில் புரிவதற்கு என் மகள் முதலில் கியூபெக்கில் பதிவு பெறவேண்டும் என்பதும், அதற்குப் பிரெஞ்சுப் பரீட்சையில் தேறவேண்டும் என்பதும் எனக்கு விளங்குகிறது."

மேற்கோள் குறிகளையும் போட்டேன். கீழே பிரெஞ்சுப் பொருளையும் எழுதினேன். நேரத்தையும் எழுதினேன். நேரம் சரி.

அன்று மாலை என் சொந்த நாட்குறிப்பில் அவர் உண்மையில் சொன்னவற்றை எழுதிவைத்தேன். மேலே நான் கொடுத்திருப்பது அதிலிருந்துதான். அதன் அடியில் 'திங்கள் அந்த அம்மாவைக் கூப்பிட வேண்டும்' என்று ஒரு வரி. திங்கள் முழுக்கப் புதுப் பிள்ளைகள். செவ்வாய்ப் பக்கத்திலும் அந்த வரியைப் பிரதி எடுத்திருக்கிறேன். புதன் பக்கத்தில் அது இல்லை.

கோப்பைப் பார்த்த மதாம் அடிமட்டத்தை அந்தப் பிரெஞ்சு வாக்கியத்துக்குக் கீழே வைத்து, சற்று நேரம் அப்படியே வைத்திருந்தார். "இந்த அம்மா எங்கள் இயக்குநரைவிடத் தெளிவாகப் பேசுகிறார்" என்றார். தாளைத் திருப்பவில்லை.

முதல் நாள் நாங்கள் கொடுத்த தாள்கள் எல்லாவற்றிலும், பச்சைத் தாள் உட்பட, பிள்ளை கையெழுத்துப் போட்டாள். நன்றாகப் படித்தாள். என் மேசையைக் கடக்கும்போது "அங்கிள், சுகமோ?" என்று கேட்பாள். ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு சான்றிதழோடு ஒன்ராறியோவுக்கு விண்ணப்பித்தாள். முதலில் கியூபெக் பதிவைக் காட்டவேண்டும் என்று பதில் வந்தது.

மார்ச் மாதத்து ஒரு செவ்வாய், மகள் கொடுத்த முறைப்பாட்டின் விசாரணைக்குத் தாயும் மகளும் வந்தார்கள். அந்தத் தாயை நான் நேரில் கண்டது அன்றுதான். சிறிய உருவம். இடக்கையில் ஊசி ஏற்றிய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். எழுந்து நிற்கப் பார்த்தார். நான் இருக்கச் சொன்னேன்.

மதாம் பச்சைத் தாளை மேசையில் வைத்து, "மிசியே, வாசியுங்கள்" என்றார்.

வாசித்தேன். ஒன்ராறியோ வரியையும் பெட்டிக்குள் இருந்த வாக்கியத்தையும் வாசித்தேன். முடிந்ததும் மகள் தாயின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, இதை நீங்கள் சொன்னனீங்களோ?"

"நான்... அண்ணை ஓம் எண்டு சொன்ன மாதிரித்தான் எனக்கு ஞாபகம்."

"இதில உங்கட சொல்லு எழுதியிருக்கு. திகதி போட்டு, நேரம் போட்டு எழுதியிருக்கு. நீங்கள் கேட்டிருக்கிறியள், விளங்கினது எண்டு சொல்லியும் இருக்கிறியள். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. நான் இதை வாசிக்காமத்தானே, அம்மாக்குத் தெரியும் எண்டு கையெழுத்துப் போட்டனான்!"

தாய் என்னைப் பார்த்தார். கோபத்தோடு அல்ல. பரீட்சையில் விடை மறந்த பிள்ளை ரீச்சரைப் பார்ப்பது போல.

"நான் சொல்லாமலோ அண்ணை எழுதுவார்? சொல்லித்தான் இருப்பன். மெஷினில இருக்கேக்க தலை சுத்தும், ஒண்டும் நிக்காது. என்ர பிழைதான் அண்ணை. உங்களுக்கும் கரைச்சல் தந்திட்டன்."

'தொழில் புரிவதற்கு' என்றும் 'தேறவேண்டும்' என்றும் அந்தப் பெண் தன் வாழ்நாளில் ஒருதரம்கூடச் சொல்லியிருக்கமாட்டார். அது கச்சேரித் தமிழ். அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருத்தி கோபத்தில் இருந்தாள். ஒருவர் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது ஆள் நான்.

மதாம் என்னிடம் கேட்டார்: "மிசியே, சேர்ப்பதற்கு ஏதாவது உண்டா?"

"இல்லை, மதாம்."

கல்லூரி தன் கடமையைச் செய்தது என்று விசாரணை முடிந்தது. அன்று மாலை மதாம் மேற்சட்டை போட்டு, பனிச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு என் மேசைக்கு வந்தார். உள்ளே அவர் பனிச் சப்பாத்தோடு நின்றதை நான் கண்டது அந்த ஒரு தரம்தான். "நான் ஜூன் மாதம் ஓய்வு பெறுகிறேன். அதுவரை என் கதவு திறந்திருக்கும்" என்றார். நான் தலையாட்டினேன். ஜூன் மாதம் அவருடைய பிரியாவிடைக்குக் கேக் வாங்கப் போனவன் நான்.

அதன் பிறகு செய்ய முடிந்ததெல்லாம் செய்தேன், ஒன்றைத் தவிர. மகளுக்கு மாலைப் பிரெஞ்சு வகுப்பு தேடிக் கொடுத்தேன். படிவங்கள் நிரப்பினேன். வயோதிபர் இல்லம் ஒன்றில் பராமரிப்பாளராக வேலை செய்துகொண்டே அவள் படித்தாள். பரீட்சையில் இரண்டு தரம் தவறி, மூன்றாம் தரம் சித்தியடைந்தாள். அது வருவதற்குள் தாய்க்குத் தனியே இருக்க ஏலாமல் போயிற்று. ஸ்காபரோ வீட்டை விட்டு, இருபது வருசமாகத் தெரிந்த அயலை விட்டு, மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜில் மகளின் இரண்டறை வீட்டுக்கு வந்தார். இப்போது அவருடைய மெஷினுக்குப் பக்கத்தில் கதைக்கிற பாஷை அவருக்குத் தெரியாதது. மகள் அஹுன்ட்சிக் பக்கம் ஒரு மருத்துவ இல்லத்தில் நேர்ஸாக இருக்கிறாள். 'கடைசியில் எல்லாம் நல்லபடிதானே முடிந்தது' என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அந்தத் தாய் அன்றிலிருந்து தன்னை நம்பவில்லை. அடுப்பை அணைத்தேனா என்று மகளுக்கு வேலையிடத்துக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்பார். மறதி வந்துவிட்டது என்று டொக்டரிடம் தானாகவே சொல்லியிருக்கிறார். மகள் ஏதாவது சொல்லி அவர் மறுத்தால், "அம்மா, பச்சைத் தாளை நினைச்சுப் பாருங்கோ" என்பாளாம். அதோடு அவர் பேசாமல் விட்டுவிடுவார். இதை அவர் ஒரு கலியாண வீட்டில் பத்துப் பேருக்கு முன்னால் சிரித்துக்கொண்டு என்னிடமே சொன்னார். "இந்த அண்ணை எல்லாம் வடிவாச் சொல்லித்தான் தந்தவர். என்ர மண்டைதான் ஓட்டை." எல்லாரும் சிரித்தார்கள். நான் அந்தப் பந்தியில் இரண்டாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

நிரோஜா கேட்டது தாளை எப்படிச் செய்தோம் என்று. இப்படித்தான் செய்தோம். அந்தத் தாளில் ஒரு குறையும் இருக்கவில்லை.

இதுவரை எழுதியதை அச்சுக்குக் கொடுக்கமுன் அவர்களிடம் வாசித்துக் காட்டவேண்டும் என்று தோன்றியது. போன ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்குப் போனேன். மகள் தேத்தண்ணி வைத்தாள். நாட்குறிப்பையும் கொண்டுபோயிருந்தேன். மெதுவாக வாசித்தேன். பெட்டிக்குள் நான் எழுதிய இடம் வந்ததும் தாய் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"திருப்பி வாசியுங்கோ."

திருப்பி வாசித்தேன்.

"அப்ப நான் அதைச் சொல்லவே இல்லையோ?"

"இல்லை, தங்கச்சி. நான்தான் எழுதினது."

"நீங்கள் ஓம் எண்டு சொன்னது?"

"சொன்னனான். மூண்டு தரம்."

"அப்ப நான் மறக்கேல்லை." அவர் அதை என்னிடம் சொல்லவில்லை. "பிள்ளை, கேட்டனியோ? நான் மறக்கேல்லையாம்."

மகள் என் கையில் இருந்து நாட்குறிப்பை வாங்கி, அந்தப் பக்கத்தைத் தானே வாசித்தாள். பிறகு தாயின் காலடியில் நிலத்தில் இருந்து, "அம்மா, நான் எத்தனை தரம் உங்களை..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாள். தாய் அவளுடைய தலையில் கைவைத்தார். என்னை இருவரும் பார்க்கவில்லை. தாள்களை அடுக்கிக்கொண்டு எழுந்தேன். கதவடிக்குப் போனபோது தாய் கூப்பிட்டார்.

"அண்ணை, இதில என்ர பேரைக் காணேல்லை."

"உங்களுக்குக் கூச்சமாயிருக்கும் எண்டு போடேல்லை."

"எனக்கென்ன கூச்சம்? மறதிக்காரி எண்டு ஊரெல்லாம் நானேதான் சொல்லித் திரிஞ்சனான். பேரைப் போடுங்கோ. முழுப் பேரும் போடுங்கோ."

அவருடைய பெயர் ஜெயராணி செபஸ்தியாம்பிள்ளை. அவர் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை.